சோழி

தைப் பொங்கலுக்கு மறுநாள் கொங்கு நாட்டு ஊர்களில் பட்டிப் பொங்கல் நடைபெறும். அன்று காலையிலேயே காளைகளைக் கிணற்றடிக்கு ஓட்டிச் சென்று குளிப்பாட்டுவர். கொம்புகளைச் சீவி வண்ணம் தீட்டுவர். புதிய மூக்கணாங்கயிறும் கழுத்துக்கயிறும் பூட்டுவர். காங்கயம் காளையின் தடித்த கழுத்தில் மணிகளோடு ஒரு பட்டையும் சில வீடுகளில் விளங்கும். அப்பட்டையில் சிறு சிறு வெண்ணிற ஓடுகள் நெருக்கமாகத் தைக்கப்பெற்றிருக்கும். காளை தலையை அசைக்கும்போது மணியோசையோடு அவ்வோடுகள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய ஒலியும் கேட்கும்.

அவ்வோடுகளே சோழிகள். சோவி என்றும் சோகி என்றும் பேச்சு வழக்கில் கூறுவர். பலகறை, கவடி என்பன நூல் வழக்கு. காளைக்கு அழகு செய்யும் சோழியை வீட்டினுள்ளும் காணலாம். பாட்டியின் பல்லாங்குழிப் பலகையில் புளியங்கொட்டைகளுக்கு மாற்றாக இருப்பது சோழி. தாயம் ஆடுவோர் பித்தளைக் கட்டை இல்லாதபோது கையில் குலுக்கி எறிவதும் சோழியே. வாய்ப்புறம் மேலாக விழுந்தவை எத்தனை என்று எண்ணிக் காய் நகர்த்துவர். கோவைக்கு மேற்கே பாலக்காட்டுப் பக்கத்தில் சோதிடர் 108 சோழிகளைப் பரப்பி வைத்துப் பலன் கூறுவர். சித்த மருத்துவர் அதனைச் சுட்டு நீற்றிப் பலகறைப் பற்பம் செய்வர்.

இத்தனை வேலைகளுக்கும் பயன்படும் இப்பொருள் கொங்கு மண்ணில் விளைவதன்று. நொய்யலிலும் பவானியிலும் அமராவதியிலும் நத்தைகள் உண்டு, சோழி இல்லை. அது வெப்பக் கடல்களில் மட்டுமே வாழும் ஒரு சிறு நத்தையின் ஓடு. கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஊர்களில், கடலையே பார்த்திராத உழவர் வீட்டில் அது இடம்பெற்றது வாணிகத்தால்தான். கொங்கு நாட்டிற்கு இது புதிய செய்தியன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், சங்கை அறுத்து வளையல் செய்த தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற பெருவழியில் அமைந்திருந்த ஊர் அது. கடற்பொருள் உள்நாட்டிற்கு வந்து கைமாறிய வழக்கம் இங்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

சோழிக் குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. உள்ளங்கையை நிறைக்கும் அளவிற்குப் பெரிதாய், புள்ளிகள் நிறைந்து விளங்கும் புள்ளிச்சோழியும் அவற்றுள் ஒன்று. ஆயினும் உலக வரலாற்றில் இடம்பெற்றது அதுவன்று. சுண்டுவிரல் நுனியளவே உள்ள மஞ்சள் கலந்த வெண்ணிறச் சோழிதான் அப்பெருமையைப் பெற்றது. 1758-இல் உயிர்களுக்கு முறைப்படி பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் அதற்கு 'மொனேட்டா' என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அதற்கு நாணயம் என்பது பொருள். உயிரியல் அறிஞர் இன்று அதனை 'மொனேட்டாரியா மொனேட்டா' என்பர். பெயரில் நாணயம் இருமுறை வந்துவிட்டது!

இந்நத்தை செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் தொடங்கி, இந்தியப் பெருங்கடலையும் பசிபிக் பெருங்கடலையும் கடந்து பரவியுள்ளது. மன்னார் வளைகுடா, இலட்சத்தீவுகள், அந்தமான் ஆகிய இடங்களிலும் அது உண்டு. ஆழ்கடல் அதற்கு ஆகாது. பவளப் பாறைகளை ஒட்டி, இடுப்பளவு முழங்காலளவு நீரில், கற்களின் அடியிலும் இறந்த பவளத்தின் இடுக்கிலும் அது வாழ்கிறது. பகலில் பெரும்பாலும் ஒளிந்திருந்து, இருள் சூழ்ந்தபின் வெளிப்பட்டுப் பாறைமேல் படர்ந்த பாசியை மேய்கிறது. அதன் நாக்கு அரம் போன்றது. அதில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அந்நாக்கினால் பாசியைச் சுரண்டி உண்கிறது.

கடற்கரையில் கிடக்கும் பிற ஓடுகள் மங்கியும் சொரசொரப்பாகவும் இருக்க, சோழி மட்டும் மெருகிட்டதுபோல் மின்னுவது ஏன்? நத்தையின் உடலில் போர்வை போன்றதொரு மெல்லிய தசை மடிப்பு உண்டு. மற்ற நத்தைகளில் அது ஓட்டின் உள்ளேயே அடங்கியிருக்கும். சோழியில் அது இரு பக்கங்களிலிருந்தும் மேலே எழுந்து, முதுகின் நடுவில் வந்து கூடி, ஓடு முழுவதையும் மூடிக்கொள்கிறது. உயிருள்ள சோழியைக் கண்டவர்க்கு முதலில் தெரிவது ஓடன்று. கரும்பட்டைகள் ஓடிய இப்போர்வையே. ஓட்டிற்குத் தேவையான சுண்ணப் பொருளைச் சுரந்து மேலும் மேலும் பூசுவது இதுவே. பூச்சு ஓயாது நடைபெறுவதாலும், மூடியே இருப்பதாலும், பாசியும் பிற ஒட்டுயிர்களும் ஓட்டின்மேல் பற்றுவதற்கு இடமில்லை. ஆபத்து நேர்ந்தால் போர்வை நொடியில் சுருங்கி உள்ளே மறைந்துவிடும்.

அதன் வடிவமும் காரணமின்றி அமைந்ததன்று. இளஞ்சோழி பிற நத்தைகளைப் போலவே இருக்கும். ஓடு மெல்லியது, சுருள் வெளியே தெரியும், வாய் அகன்றிருக்கும். வளர்ச்சி முற்றியதும் வாயின் வெளி விளிம்பு உட்புறமாகச் சுருண்டு வருகிறது. அகன்ற வாய் ஒடுங்கி நீண்ட பிளவாகிறது. பிளவின் இரு கரைகளிலும் பல் போன்ற வரிகள் தோன்றுகின்றன. அதன்பின் சோழி நீளத்தில் வளர்வதில்லை. தடிப்பில் மட்டுமே வளர்கிறது. நண்டு தன் கொடுக்கை அப்பிளவினுள் நுழைத்து நத்தையை இழுப்பது எளிதன்று. வழுவழுப்பான உருண்ட முதுகைப் பற்றி நொறுக்குவதும் எளிதன்று. வாயை அடைக்கும் மூடி வளர்ந்த சோழிக்கு இல்லை. அக்குறையை இப்பிளவே நிறைவு செய்கிறது.

பெண் சோழி முட்டைப் பைகளைக் கல்லின் அடியில் ஒட்டிவைத்து, அவற்றின்மேல் தன் பாதத்தைப் பரப்பி அமர்ந்து காக்கும். பொரித்த குஞ்சுகளோ தாயிடம் தங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு உருவில் நீரோட்டத்தில் மிதந்து செல்கின்றன. தகுந்த பாறையைச் சேர்ந்தவை பிழைக்கின்றன. ஓர் இனமே இரு பெருங்கடல்களில் பரவியிருப்பதற்கு இம்மிதவைப் பயணமே காரணம்.

இனி, இந்நத்தை நாணயமான வரலாறு. நாணயத்திற்கு வேண்டிய இயல்புகள் யாவை? அழியாதிருத்தல் வேண்டும், ஒன்றுபோல் மற்றொன்று இருத்தல் வேண்டும், எண்ணுதற்கு எளிதாதல் வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக, போலி செய்ய இயலாததாதல் வேண்டும். சோழி நெருப்பிலிட்டாலன்றி எளிதில் அழியாது, துருப்பிடிக்காது. கொல்லனோ தட்டானோ கள்ளச் சோழி செய்ய முடியாது. ஒன்றின் எடை ஒரு கிராமிற்குச் சற்று மேல். ஆகவே பெருந்தொகையை எண்ணாமல் நிறுத்தோ, படியால் அளந்தோ கொடுக்கலாம். அரசனின் முத்திரை அதற்குத் தேவையில்லை.

சீன நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே சோழி செல்வமாக மதிக்கப்பட்டது. சாங் அரச மரபைச் சேர்ந்த பூ காவோ என்னும் அரசியின் கல்லறையை 1976-இல் தோண்டியபோது ஏறத்தாழ 7,000 சோழிகள் கிடைத்தன. வாங்குதல், விற்றல், செல்வம் முதலியவற்றைக் குறிக்கும் சீன எழுத்துகளில் சோழியைக் குறிக்கும் உறுப்பு இன்றளவும் அமைந்துள்ளது. இந்தியாவில் 1150-ஆம் ஆண்டளவில் பாஸ்கராசாரியர் இயற்றிய 'லீலாவதி' என்னும் கணித நூல் நாணய வாய்பாட்டைச் சோழியிலிருந்தே தொடங்குகிறது. 20 சோழி ஒரு காகிணி. 4 காகிணி ஒரு பணம். 16 பணம் ஒரு திரம்மம். ஆகவே ஒரு திரம்மத்திற்கு 1,280 சோழிகள். வங்காளத்திலும் ஒடிசாவிலும் சந்தையில் கீரையும் உப்பும் வாங்கும் ஏழைகளின் நாணயமாகச் சோழி விளங்கியது. தென்னாட்டில் அது அந்த அளவிற்கு நாணயமாக வழங்கவில்லை. விளையாட்டிற்கும் அணிக்கும் மருந்திற்குமே மிகுதியாகப் பயன்பட்டது. மதிப்பற்றவனை 'இரண்டு கவடி பெறாதவன்' என்று இந்தி பேசுவோர் இன்றும் இகழ்வர்.

இவ்வளவு சோழியும் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மாலத்தீவுகளிலிருந்து வந்தது. அங்குத் தென்னங்கீற்றுகளை நீரில் மிதக்கவிட்டுச் சோழிகள் அவற்றில் ஒட்டிக்கொண்டதும் இழுத்தெடுப்பர் என்று 9-ஆம் நூற்றாண்டின் அராபியக் குறிப்பு ஒன்று கூறுகிறது. 1343-இல் அங்குச் சென்று நீதிபதியாகவும் பணியாற்றிய இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டுப் பயணி, பிடித்த சோழிகளைக் கரையில் குழிதோண்டிப் புதைப்பதையும், சதை அழுகி நீங்கியபின் வெள்ளை ஓடு மட்டும் எஞ்சுவதையும் எழுதியுள்ளார். அத்தீவினர் அவற்றை வங்காளத்தாருக்குக் கொடுத்து அரிசி பெற்றனர். மாலத்தீவில் ஒரு பொன் தினாருக்கு 4,00,000 சோழிகள். சில வேளைகளில் அதனினும் மிகுதி. பின்னர் அவரே மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்றபோது, அங்கு ஒரு தினாருக்கு 1,150 சோழிகளே கிடைப்பதைக் கண்டார். ஒரே ஓடு, விலை ஏறத்தாழ 350 மடங்கு! இடைப்பட்ட கடலும் பாலைவனமும்தான் அவ்விலையை ஏற்றின.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல் உடைந்து மாலத்தீவில் சிறைப்பட்ட பிரான்சுவா பிரார் என்னும் பிரெஞ்சுக்காரர், சோழி எடுக்கும் வேலையைப் பெண்கள் செய்ததாகக் குறிப்பிடுகிறார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் அவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கித் திரட்டினர். சோழி மட்டுமே ஏற்றிய முப்பது நாற்பது கப்பல்கள் ஓர் ஆண்டில் வங்காளம் சென்றதைத் தாம் கண்டதாக அவர் எழுதுகிறார்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியிலும் இந்நாணயம் உடனே மறையவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில்ஹெட் பகுதியில் அதிகாரியாயிருந்த இராபர்ட் லிண்ட்சே கண்ட காட்சி வியப்பிற்குரியது. அம்மாவட்டத்தின் நிலவரி ஆண்டிற்கு 2,50,000 ரூபாய். அங்கு வழங்கிய நாணயமோ சோழி. ஒரு ரூபாய்க்கு 5,120 சோழிகள். வரி முழுவதும் சோழியாகவே வந்தால் அது 128 கோடி ஓடுகள். எடை 1,400 டன்னுக்கும் மேல். அவற்றைச் சேமிக்கக் கிடங்குகளும், டாக்கா நகருக்கு ஏற்றிச் செல்லப் படகுகளின் வரிசையும் தேவைப்பட்டன. கஜானா என்பது அங்குக் களஞ்சியமாகவே இருந்தது.

இதுவரை கூறியவை வேடிக்கையாகத் தோன்றலாம். சோழியின் வரலாற்றில் கொடியதொரு பகுதியும் உண்டு. ஐரோப்பிய வணிகர்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பும்போது கப்பல் சாயாதிருக்க அடிப்பாரம் ஏற்றுவர். வெறும் கல்லை ஏற்றுவதைவிடச் சோழியை ஏற்றினால் பாரமும் ஆகும், பண்டமும் ஆகும். அவ்வாறு ஆம்ஸ்டர்டாமிற்கும் இலண்டனுக்கும் சென்ற சோழிகள் அங்கு ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர்கள் அவற்றை மீண்டும் கப்பலேற்றி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினர். அங்கு அவற்றைக் கொடுத்து வாங்கப்பட்ட சரக்கு மனிதர்கள்.

1700 முதல் 1790 வரை டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கொண்டுசென்ற சோழிகள் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் கோடி என்று வரலாற்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். துணி, இரும்பு, துப்பாக்கி, மது முதலியவற்றோடு சோழியும் அடிமைகளின் விலையாகக் கொடுக்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தகோமி நாட்டுக் கரையில் ஒரு மனிதனின் விலை சோழிக் கணக்கில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டிருந்தது. மாலத்தீவில் நீரில் நின்று ஓடு பொறுக்கிய பெண்ணுக்கு அது எங்குச் செல்கிறது என்பது தெரியாது. அவளுக்குக் கிடைத்தது அரிசி. கையில் விலங்கிட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டவனுக்கும் தன் விலை எந்தக் கடலில் விளைந்தது என்பது தெரியாது. இருவரையும் இணைத்த கணக்கு இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்த வணிகரின் ஏடுகளில் மட்டுமே இருந்தது.

1807-இல் ஆங்கிலேய அரசு அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. ஆயினும் மேற்கு ஆப்பிரிக்காவில் சோழியின் செலாவணி குன்றவில்லை. பனை எண்ணெய் வாணிகத்தில் அது மீண்டும் பெருகியது. அதனை வீழ்த்தியது மற்றொரு சோழியே. முதுகில் பொன்வளையம் போன்ற கோடுடைய இனம் ஒன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் ஏராளமாக உண்டு; விலையும் மலிவு. 1845-ஆம் ஆண்டளவில் ஜெர்மன் வணிகர்கள் அதனைச் சான்சிபாரிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து மேற்குக் கரையில் இறக்கினர். நாணயம் மிகுந்தால் அதன் மதிப்புக் குறையும் என்பது பொருளியல் விதி. நேற்றுவரை ஒரு கூடைச் சோழிக்குக் கிடைத்த பொருளுக்கு இன்று பல கூடைகள் தேவைப்பட்டன. வீட்டில் பானை பானையாகச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்கள் தம் சேமிப்புக் கண்ணெதிரே கரைவதைக் கண்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் குடியேற்ற அரசுகள் உலோக நாணயத்தைப் புகுத்திச் சோழியை விலக்கின. 1965-இல் கானா நாடு தன் புதிய நாணயத்திற்குச் 'சீடி' என்று பெயரிட்டது. அந்நாட்டு மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர்.

இந்தியாவிலும் இம்மாற்றம் துன்பமின்றி நிகழவில்லை. ஒடிசாவில் உழவர்கள் சோழியைக் கொண்டே பழகியவர்கள். கம்பெனி ஆட்சி வரியை வெள்ளி ரூபாயில் செலுத்துமாறு வற்புறுத்தியபோது, அவர்கள் தம் சோழியைக் கொடுத்து வெள்ளி வாங்க வேண்டியதாயிற்று. தேவை மிகுந்ததால் வெள்ளியின் விலை ஏறியது. சோழியின் விலை சரிந்தது. வரி அதே வரிதான். ஆயினும் உழவன் கொடுக்க வேண்டிய சோழி பெருகியது. 1817-இல் குர்தாப் பகுதியில் பாய்க்கர்கள் கிளர்ந்தெழுந்ததற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகக் கூறப்படுகிறது.

நாணயமாக இருந்த காலம் போயிற்று. அணியாக இருக்கும் காலம் தொடர்கிறது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலும் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவிலும் காளைகளைப் பூட்டி நிறுத்துவோர் கயிறும் மணியும் சலங்கையும் தேடி வாங்குவர். பட்டையில் தைக்கப்பெற்ற சோழியைக் கூர்ந்து நோக்கினால், அதன் முதுகுப்புறம் நீக்கப்பட்டிருப்பது தெரியும். அவ்வாறு நீக்கினால்தான் ஓடு பட்டையோடு தட்டையாகப் படியும். நூலைக் கோக்கவும் துளை கிடைக்கும். வெளியே தெரிவது பல்வரிசையோடு கூடிய வாய்ப்புறம் மட்டுமே.

அதன் பளபளப்பு மற்றொரு செய்தியையும் அறிவிக்கிறது. நத்தை தானாக இறந்து, ஓடு அலையிலும் மணலிலும் புரண்டு கரையொதுங்கினால், மெருகு தேய்ந்து சுண்ணாம்புபோல் வெளுத்துவிடும். மின்னும் சோழி ஒவ்வொன்றும் பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டதே. பணச்சோழி அருகிவிட்ட இனமன்று. எனினும் அதற்கு உறைவிடம் தரும் பவளப் பாறைகள் கடல்நீர் வெப்பமடைவதால் வெளுத்து மடிந்து வருகின்றன. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவிலுள்ள தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளத் திட்டுகளையும் தமிழக அரசு 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அங்குள்ள உயிரினங்களைப் பிடித்தலும் பவளத்தைப் பெயர்த்தலும் குற்றமாகும். அத்திட்டுகளில் இரவு வந்ததும் சோழிகள் கற்களின் அடியிலிருந்து வெளிப்பட்டு, போர்வையை முதுகின்மேல் விரித்துக்கொண்டு, பாசியைத் தேடி மெல்ல ஊர்ந்து செல்கின்றன.